எரியாத விளக்கின் சாட்சியம்

1

காரின் சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டில் சிவப்பாக ஓர் உருவம் எரிகிறது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், அவன் முகத்துக்கு எதிரே ஒரு வட்டம். ஐந்தாறு விநாடிகளில் அணைந்துவிடும். அணைந்துவிட்டால் ஏர்பேக் சம்பந்தப்பட்ட எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ பழுது. இந்த விளக்குக்குத் தெரிந்த பாஷை இவ்வளவுதான். இரண்டே சொற்கள், அதில் ஒன்று மௌனம். இந்த மௌனத்தை எதுவரை நம்பலாம் என்ற கேள்வி என்னைச் சில மாதங்களாக விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. ஒயரிங் சம்பந்தமான விவகாரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நடந்தது இது. பழைய கார் ஒன்றை வாங்கினேன். முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் உண்டு என்பதைச் சொல்லித்தான் அந்த விலை கேட்கப்பட்டது. ஓட்டுபவருக்கான ஏர்பேக்கைப் புதிதாகத் தயாராகும் எல்லாக் கார்களிலும் அரசு கட்டாயமாக்கியது 2019 ஜூலையில்தான். பக்கத்தில் உட்காருபவருக்கானது அதற்கும் பிந்தியது: புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலில், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் முடிவுவரை அவகாசம். நான் வாங்கியது இதற்கெல்லாம் முந்தைய கார். பயணிக்கும் ஏர்பேக் இருப்பது அப்போது கூடுதல் காசு கொடுத்து வாங்கிய அந்தஸ்து. டாஷ்போர்டின் இடது பக்கத்தில் அந்தச் சொல் புடைப்பெழுத்தில் இருந்தது. எட்டு மாதம் விளக்கு தவறாமல் எரிந்து தவறாமல் அணைந்தது. ஒன்பதாம் மாதம் பென்னாகரத்திலிருந்து திரும்பி வரும்போது ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. விளக்கு எரிய ஆரம்பித்தது. அணையவில்லை.

தருமபுரியில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். பட்டறை என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன இடம். வண்டியைப் பார்ப்பதற்கு முன் என்னைத்தான் விசாரித்தார்.

"பக்கத்து சீட்டுக்கு அடியில எதாச்சும் வெச்சீங்களா சார்? தண்ணி கேன், பை, குடை?"

"இல்லண்ணே."

"சீட்டை முன்ன பின்ன தள்ளுனீங்களா?"

கேள்விகளுக்குக் காரணம் இருந்தது. பயணி சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர்கள் இருக்கின்றன. தொடுபவனுக்கு இது ஏர்பேக் ஒயர் என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த மஞ்சள். சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்ஸார், பெல்ட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்விட்ச், இவற்றின் ஒயர்கள் சீட்டோடு சேர்ந்து நகர வேண்டியவை. நகர்ந்து நகர்ந்து கப்ளர் தளரும். பின்சீட்டில் இருப்பவரின் கால் பட்டு இழுபடும். ஈரம் இறங்கிக் களிம்பு ஏறும். பழுது வரும், போகும், மறுபடி வரும். தன்னிடம் வருகிற ஏர்பேக் கோளாறுகளில் பாதிக்கு மேல் கப்ளரைக் கழற்றித் துடைத்து அழுத்திவிட்டால் தீர்ந்துவிடுபவை என்றார்.

என்னுடையது அப்படித் தீரவில்லை. ஸ்கேனரைச் சொருகினார். அதில் இரண்டு வகைப் பதிவுகள் வருகின்றன: முன்பு எப்போதோ வந்து போன பழுதுகள், இப்போது இருக்கும் பழுதுகள். இப்போது இருப்பது ஒன்றே ஒன்று. பயணி பக்கத்து ஏர்பேக் சர்க்யூட்டில் மின்தடை அதிகம்.

"இது இடத்தைத்தான் சொல்லும் சார். காரணத்தைச் சொல்லாது" என்றார்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். விபத்தில் பேட்டரி நசுங்கிப் போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டி கொஞ்சம் மின்சாரத்தைத் தனக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. அது வடியச் சில நிமிஷங்கள் ஆகும். திரும்பி வந்து கிளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

பை இருக்க வேண்டிய இடத்தில் இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது. மஞ்சள் கப்ளருக்குப் பக்கத்தில் ஒயரை வெட்டி, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைச் சோல்டர் வைத்துக் கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். வண்டி தூக்கிப் போட்டதில் ஒரு பக்கம் சோல்டர் விட்டிருந்தது.

"எப்பவோ அடிபட்ட வண்டி சார். பை வெடிச்சிருக்கு. டாஷ்போர்டை ஒட்டி பெயின்ட் அடிச்சிருக்காங்க. பெட்டியில இருந்த ஆக்ஸிடென்ட் பதிவையும் அழிச்சிருக்காங்க."

ஸ்டியரிங்கையும் கழற்றிப் பார்த்தார். அங்கே பை இருந்தது. வேறு ஏதோ வண்டியிலிருந்து எடுத்துப் போட்டது என்றார். எனக்கு முன்னால் யாரோ ஒருவர் தன் கையிலிருந்த பணத்துக்குத் தக்க ஒரு முடிவு எடுத்திருக்கிறார். ஓட்டுபவருக்குப் பை. பக்கத்தில் உட்காருபவருக்கு ரெசிஸ்டர்.

2

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பையைப் பார்க்கக் கண் கிடையாது. பையை விரியவைக்கும் மருந்துக்குள் முடியைப் போல ஒரு கம்பி இருக்கிறது. அதன் மின்தடை சுமார் 2 ஓம். மோதல் நடந்தால் அந்தக் கம்பியைச் சூடேற்றி மருந்தைப் பற்றவைப்பார்கள். 30, 40 மில்லிசெகண்டில் பை நிறைந்துவிடும். மற்ற நேரங்களில், மருந்து பற்றப் போதாத மிக மெல்லிய மின்சாரத்தை அதில் ஓடவிட்டு, தடை சரியாக இருக்கிறதா என்று பெட்டி சோதித்துக்கொண்டே இருக்கிறது. தடை சரியென்றால் பை இருக்கிறது என்று கொள்கிறது. சில ரூபாய்களுக்குக் கிடைக்கும் ரெசிஸ்டரும் அதே தடையைக் காட்டும். பெட்டி ஏமாறவில்லை என்றுகூடச் சொல்லலாம். அது கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் கிடைத்திருக்கிறது. கேள்வி மிகச் சின்னது. அந்தப் பதிலிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட அர்த்தம் பெரியது.

இல்லாமையை எப்படி அறிகிறோம் என்பது நம் தர்க்க மரபில் பழைய பிரச்னை. மணிமேகலையில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அடுக்கப்படும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று. குமாரிலர் வழிவந்த மீமாம்சகர்கள் இதை அநுபலப்தி என்று தனிப் பிரமாணமாகவே ஏற்றார்கள். தரையில் பானை தென்படவில்லை, ஆகவே பானை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பானை இருந்திருந்தால் தென்பட்டிருக்கும் என்ற நிலைமை அங்கே இருக்க வேண்டும். இருட்டறையில் பானை தென்படாதது எதையும் நிரூபிக்காது.

விளக்கு எரியாமலிருப்பதும் இந்த நிபந்தனைக்கு உட்பட்டதே. பழுது இருந்திருந்தால் எரிந்திருக்கும் என்பது உண்மையாக இருக்கும் வரைதான் அதன் மௌனம் சாட்சியம். வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் சாவி திருப்பியதும் ஒருமுறை எரிந்து காட்டுகிறது. எனக்குப் பேச வரும், பேசுவதற்கு ஒன்றும் இல்லாததால் சும்மா இருக்கிறேன் என்கிறது. இதற்கும் மாற்று கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். பல்பைக் கழற்றினால் மாட்டிக்கொள்வோம் என்று, ஏர்பேக் விளக்கின் ஒயரை ஆயில் விளக்கின் ஒயரோடு சேர்த்துவிடுவது. என்ஜின் ஓட ஆரம்பித்ததும் அது அணையும். கூடவே இதுவும் அணையும். இரண்டும் ஒரே கணத்தில் அணைந்தால் சந்தேகப்படுங்கள் என்றார் எலக்ட்ரீஷியன். இரண்டு சாட்சிகள் வார்த்தை பிசகாமல் ஒன்றுபோலச் சொன்னால் வக்கீல் சந்தேகப்படுவதைப் போலத்தான்.

என் காரில் விளக்கை உண்மை பேசவைத்தது யாருடைய நேர்மையும் அல்ல. பொய் பழுதாகியது, அவ்வளவுதான். சோல்டர் இன்னும் கொஞ்சம் நன்றாக வைத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பழுது என்றால் அவமானம் என்ற எண்ணம் இதற்கெல்லாம் அடியில் இருப்பதாகப் படுகிறது. தருமபுரி பழைய தகடூர்; அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அலங்கரித்துப் பளபளப்பாகக் காவலில் வைத்த ஆயுதங்கள் இங்கே. முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் ஆயுதங்கள் அங்கே. பட்டறையில் கிடப்பதை மறைக்க வேண்டிய விஷயமாக ஔவை நினைக்கவில்லை. என் கார் எட்டு மாதம் தொண்டைமானின் ஆயுதசாலையாக இருந்தது.

3

"திரும்ப ஒட்டிடவா சார்?"

எலக்ட்ரீஷியனின் கேள்வியில் கள்ளத்தனம் இல்லை. புதுப் பை, புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, புது டாஷ்போர்டு மூன்றும் போட்டால் ஆகும் தொகையைச் சொன்னார். என் சம்பளத்தில் சில மாதங்கள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு வாதத்தை வைத்தார். "லைட் இப்படியே எரிஞ்சா உங்க பக்கத்துப் பையும் வேல செய்யும்னு சொல்ல முடியாது சார். கோளாறுன்னு பெட்டி மொத்தத்தையும் நிறுத்திக்கும். ஒட்டிட்டா உங்களுக்காச்சும் இருக்கும். ஏர்பேக் இல்லாத அம்பாஸடர்லதான ஊரே போச்சு?"

அம்பாஸடரைப் பற்றிச் சொன்னதற்குப் பதில் இருக்கிறது. அம்பாஸடர் தன்னிடம் ஏர்பேக் இருப்பதாகச் சொல்லவில்லை. அதில் இல்லாதது இல்லாததாகவே இருந்தது. இதில் இல்லாதது இருப்பதாகச் சத்தியம் செய்கிறது. ஆனால் முதல் பாதி பலமான வாதம். உண்மை வெளியே தெரிந்தால் பக்கத்து சீட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் புதிதாக வந்துவிடப் போவதில்லை; என் பாதுகாப்பு வேண்டுமானால் போகும். பொய்யை வைத்தால் ஒருவராவது பிழைப்பார். இந்தக் கணக்குக்கு எதிராக அந்த நிமிஷம் என்னிடம் எதுவும் இல்லை. "ஒட்டிடுங்கண்ணே" என்றேன்.

ஒட்டுவதற்கு முன் அவர் ஒரு தகர டப்பாவிலிருந்து கப்ளர் ஒன்றை எடுத்தார். அதிலும் ரெசிஸ்டர் இருந்தது. அதோடு சேர்த்து ஒரு முழம் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கப்ளரைச் சொருகிப் பேட்டரியை மாட்டி, பழைய பதிவை அழித்து, விளக்கு அணைகிறதா என்று பார்த்தார். அணைந்தது. அப்படியென்றால் மீதி ஒயரும் பெட்டியும் நல்ல நிலையில் இருக்கின்றன. இதுதான் முறை. பையில் கோளாறா, ஒயரில் கோளாறா என்று தெரிய வேண்டும். மீட்டரை நேராகப் பையில் வைத்து அளக்கக் கூடாது. மீட்டரின் மின்சாரமே மருந்தைப் பற்றவைத்துவிடலாம். ஆகவே பையின் இடத்தில் அதே தடை உள்ள ஒரு போலியைச் சொருகுகிறார்கள். விளக்கு அணைந்தால் பழுது பையில். அணையாவிட்டால் ஒயரில், அல்லது பெட்டியில்.

பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியும் அதை மறைக்கும் கருவியும் ஒன்றே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதே ஓம், அதே பொய், அதே விளக்கு அணைதல். வித்தியாசம் அடுத்து நடப்பதில் இருக்கிறது. ஒன்றை வேலை முடிந்ததும் எடுத்துவிடுகிறோம். மற்றதை விட்டுவிட்டுப் போகிறோம்.

"துணி எதுக்குண்ணே?"

"ஒருதரம் ஒரு வண்டியில மறந்து விட்டுட்டேன் சார். லைட் அணைஞ்சிருந்துச்சா, வேல முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. வீடு தேடிப் போயி எடுத்தேன். அதுலருந்து துணி."

நான் வேலை பார்க்கும் வங்கியில் இந்தக் கப்ளரின் உடன்பிறப்பு உண்டு. ஒரு தொகை வந்திருக்கும். யாருடையது என்று தெரியாது. அன்றைய கணக்கை மூட வேண்டும். சஸ்பென்ஸ் கணக்கில் அதை எழுதுகிறோம். இரண்டு பக்கமும் சரியாகிவிடும். இது மோசடி இல்லை, விதிகளே அனுமதிப்பது. ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் தேதி உண்டு, குறிப்பு உண்டு. ஆடிட்டர் வந்தால் கணக்கு டேலி ஆகிறதா என்பதோடு நிற்க மாட்டார். சஸ்பென்ஸில் நிற்பவை எத்தனை நாளாக நிற்கின்றன என்று கேட்பார். டேலி ஆவது உண்மைக்கு நிரூபணம் இல்லை, ஒன்றையொன்று சரிக்கட்டும் இரண்டு பிழைகளும் டேலி ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தேதிதான் எங்கள் சிவப்புத் துணி.

ஜெர்மானியத் தத்துவவாதி ஹான்ஸ் வைஹிங்கர் 1911இல் வெளியிட்ட ஒரு பெரிய நூல் முழுக்க இந்த வகைப் பொய்களைப் பற்றியது. சிந்தனை முன்னேறுவதற்காக, உண்மையல்ல என்று தெரிந்தே சிலவற்றை உண்மைபோல வைத்துக்கொள்கிறோம் என்றார் அவர். அதற்கு அவர் விதித்த இலக்கணத்தில் இரண்டு முக்கியமானவை: அது பொய் என்ற பிரக்ஞை கூடவே இருக்க வேண்டும், முடிவில் அது கழன்று போக வேண்டும். அத்வைதிகள் சொல்லும் அத்யாரோபம், அபவாதம் என்ற முறையிலும் இதே ஒழுங்கு இருக்கிறது. ஏற்றிச் சொல்வது, ஏற்றியதை இறக்குவது. இறக்காமல் விட்டால் ஏற்றியது போதனை ஆகாது, மயக்கமாகிவிடும்.

விமர்சனத்தில் நமக்கு இந்தத் துணி இல்லை. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய பிறகு புழக்கத்துக்கு வந்த 'படிமம்' என்ற சொல் ஒரு சோதனைக் கருவி. கவிதையில் எங்கே ஓட்டம் இருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று சொருகிப் பார்ப்பதற்கு. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது. இன்னும் சில கருவிகள் வந்தன. கருவிகளில் குற்றமில்லை. சொருகியதை எடுக்காமல் விட்டுவிடுவது நம் பழக்கமாகிவிட்டது. நானே ஒரு தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது, மூன்று முறை படித்தும் பிடிபடாத ஒரு கவிதையை 'அந்நியமாதலின் வெளிப்பாடு' என்று ஒரு வரியில் முடித்தேன். எழுதியதும் உள்ளே எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அணைந்தது. கவிதை பிடிபட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன். படித்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார்கள். என் வரிக்குப் பின்னால் இருந்தது வெறும் இரும்புச் சட்டம்.

4

ரெசிஸ்டரை ஒட்டிய அடுத்த வாரம் சேலத்தில் ஒரு கல்யாணம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பின்சீட்டில் ஏறி இறங்க முடியாது என்று முன்சீட்டில்தான் உட்காருவாள். தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று அங்கே நெரிசலில் இருந்த வாகனங்கள்மீது மோதியது. 2024 ஜனவரியில் இன்னொரு லாரி. இரண்டு முறையும் மனிதர்கள் செத்தார்கள். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட வேண்டாம் என்று லாரி ஓட்டுபவர்களை எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் அந்த இறக்கத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்வது வழக்கம்.

அம்மா புடவைத் தலைப்பால் டாஷ்போர்டைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புடைப்பெழுத்தின்மேல் விரல் நின்றது. தங்கையின் மகன் போனில் ஏதோ வீடியோ காட்டியிருக்கிறான்.

"இதுக்குள்ளதான் அந்தப் பை இருக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

எட்டு மாதம் விளக்கு செய்த வேலையை அன்று நான் வாயால் செய்தேன். விளக்குக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். கணவாய் முழுவதும் முன்னால் போன லாரியின் பின்விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் நான் செய்தது சரியாகிவிடாது என்பதற்கு மேலே சொன்ன தர்க்கமே போதும்.

இந்தப் பொய்க்கும் ஊரில் சகஜமாக உள்ள இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சீட் பெல்ட் போடாமலே அலாரத்தை நிறுத்துவதற்கு, பெல்ட் இல்லாத வெறும் கொக்கியைப் பூட்டில் சொருகுகிறார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டு, ஐந்து இணைய வணிகத் தளங்களிலிருந்து இந்தக் கொக்கியின் 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்கவைத்தது. அத்தனை பேர் வாங்கக்கூடிய பொய். ஆனால் அந்தக் கொக்கியைச் சொருகுபவன் தன் பெட்டியைத் தானே ஏமாற்றுகிறான். தன் மார்பில் பெல்ட் இல்லை என்பது அவன் கண்ணுக்குத் தெரியும். முட்டாள்தனம், ஆனால் தெரிந்து செய்தது. ரெசிஸ்டர் விஷயம் வேறு. விளக்கு இருப்பது ஓட்டுபவன் கண்ணுக்கு எதிரே. அதன் பலன் விழுவது பக்கத்தில் இருப்பவர்மேல். அறிபவன் ஒருவன், அனுபவிப்பவர் இன்னொருவர்.

5

சரி, தெரிந்திருந்தால் அம்மாவுக்கு என்ன கிடைத்திருக்கும்? உண்மை பையாக விரியாதே? எலக்ட்ரீஷியனின் வாதம் முழு பலத்தோடு இங்கே திரும்பி வருகிறது.

ஏர்பேக்கின் சொந்தச் சரித்திரத்திலேயே இதற்குப் பதில் இருப்பதாக நினைக்கிறேன். பை இல்லாதது மட்டும் ஆபத்து இல்லை. பை இருப்பதும் ஆபத்தாகலாம். அமெரிக்காவில் 1990க்கும் 2008க்கும் இடையில், வேகம் குறைந்த மோதல்களில் முன்பக்கப் பை விரிந்த அடியிலேயே 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள், அல்லது சரியாகப் போடாதவர்கள், குழந்தைகள் பலர். 2000இல் அங்கே விதியை மாற்றினார்கள். சீட்டில் இருப்பது குழந்தையா பெரியவரா என்று எடையைக் கொண்டு பிரித்தறிந்து, குழந்தையானால் பையை நிறுத்திவைக்கும் சென்ஸார் அதற்குப் பிறகு பரவியது. நம் ஊரின் பல கார்களில் சீட்டுக்குள் இருக்கும் சென்ஸார் பெல்ட் அலாரத்துக்கானது மட்டுமே. பையை அது நிறுத்தாது. 2024 செப்டம்பரில் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில், முன்சீட்டில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை பை விரிந்து இறந்தது. அதே வருஷம் டிசம்பரில் நவி மும்பையில் வாஷியில், முன்சீட்டில் இருந்த ஆறு வயதுக் குழந்தை.

மடியில் குழந்தையோடு உட்காருபவளுக்கு எதிரே பை இருக்கிறது என்று தெரிய வேண்டும். பையை நம்பி உட்காருபவருக்கு அது இல்லை என்று தெரிய வேண்டும். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றே: தனக்கு எதிரே என்ன இருக்கிறது என்ற விவரம். அதை வைத்துக்கொண்டு அவர்கள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. இடம் மாறி உட்காரலாம். ஆனால் நல்லது கெட்டதை இன்னொருவருக்காக நான் கணக்குப் போட்டு முடித்துவிடும்போது, அவர் செய்யக்கூடிய அந்த ஒரு காரியத்தையும் எடுத்துக்கொண்டுவிடுகிறேன். என் கணக்கு சரியாகவே இருந்தாலும் அது திருட்டு.

இதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. சேலத்திலிருந்து திரும்பிய மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவாள், அல்லது பரவாயில்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பவே சொல்லியிருந்தீன்னா பின்னாடி உக்காந்திருப்பன்ல" என்றாள். முழங்கால் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியனிடம் போய் ரெசிஸ்டரை எடுத்துவிடச் சொன்னேன். "எடுத்தா லைட் எரியும் சார், உங்க பையும் சந்தேகந்தான்" என்று பழைய வாதத்தையே சொன்னார். இரண்டு வாரம் எரியும் விளக்கோடு ஓட்டினேன். ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் சொன்னேன். பிறகு வீட்டிலும் பட்டறையிலும் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தேன். புதுப் பைக்குப் பணம் சேரும்வரை ரெசிஸ்டர் திரும்ப இருக்கட்டும். ஆனால் அதோடு ஒரு முழம் சிவப்புத் துணி கட்டியிருக்க வேண்டும், கிளவ் பாக்ஸைத் திறக்கிற எவன் கண்ணிலும் படுகிற மாதிரி. டாஷ்போர்டின் புடைப்பெழுத்தை மறைத்து ஒரு காகிதம் ஒட்டினேன். 'இங்கே பை இல்லை' என்று எழுதி, கீழே அன்றைய தேதி. அம்மா பின்சீட்டில்தான் உட்காருகிறாள். ஏற இறங்க ஒரு சின்ன ஸ்டூல் காரிலேயே கிடக்கிறது. முன்சீட்டில் ஏறுகிறவர்கள் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிலர் பின்னால் போய் உட்காருகிறார்கள்.

வெயிலில் மை வெளுத்துவிடுகிறது. இரண்டு முறை மேலெழுதிவிட்டேன். வாசகத்தைத்தான் மேலெழுதினேன், தேதியை மாற்றவில்லை. ஆறு மாதம் ஆகிறது. சஸ்பென்ஸில் ஆறு மாதமாக நிற்கும் ஒரு பதிவை ஆடிட்டர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.